ஒரே இலை

வீட்டுக்கு அடங்காத பெண்பிள்ளைகளுக்கென்று சேலத்தில் தேவாலயத்தார் நடத்திய விடுதியில் நான் இரண்டு வருஷம் இருந்தேன். நான் செய்த குற்றம் ஓடிப்போனது. அம்மா செத்து, அப்பா இரண்டாந்தாரம் கட்டிய பிறகு, திருச்செங்கோட்டுப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மூன்று முறை ஓடினேன். கடைசி முறை சூரமங்கலத்தில் டிக்கெட் இல்லாமல் ரயிலேறிப் பிடிபட்டேன். ரயில்காரர்கள் விடுதியில் ஒப்படைக்க, புத்தி வரும்வரை அங்கேயே கிடக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். புத்தி வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுத்தும் தையலும் வந்தன.

யுத்த காலத்தில் ஒரு சித்திரையில் எங்கள் படிப்பு முடிந்தது. அதற்கு ஒரு விழா. தென்னோலைத் தோரணம், வெள்ளைச் சேலை, ஆராதனை, பாட்டு, கடைசியில் விருந்து. விருந்தில்தான் வில்லங்கம். பிள்ளையும் அழைத்துப்போக வந்தவரும் ஒரே இலையில் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால்தான் பிள்ளையை அனுப்புவார்கள். முந்தைய வருஷம் வீடு திரும்பிய ஒருத்தியை, வேதக்காரர் சோறு, அதாவது கிறிஸ்தவர் சோறு, தின்றவள் என்று மாட்டுக் கொட்டகையில் படுக்க வைத்திருக்கிறார்கள். அவள் தானாகவே திரும்பி வந்து விடுதி வாசலில் நின்றாள். அன்று விடுதியைக் கவனித்துவந்த பாதிரியாரின் மனைவி போட்ட சட்டம் இது. யாரும் வராத பிள்ளை, எங்கோ தூரத்து ஆஸ்பத்திரியின் அடுப்படிக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் அப்பா வேதக்காரர் கிணற்றில் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அவராவது, ஒரே இலையாவது. ஆனாலும் அன்று காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாட்டின் நடுவே இரண்டு முறை எழுந்து கேட்டுக்கு ஓடினேன். சேலைத் தலைப்பைக் கடித்தே ஈரமாக்கினேன். அந்த வீடு எனக்குப் பிடித்ததே இல்லை. ஆனால் ஓடிப்போவதற்குக்கூட ஒரு வீடு வேண்டுமே.

மற்றவர்களுக்கெல்லாம் ஆள் வந்து, இலை போட்டாயிற்று. என் இலை காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. பாதிரியாரின் மனைவி என் தோளைத் தொட, தட்டிவிட்டேன். அப்போதுதான் கேட்டில் ஒரு பெண் தெரிந்தாள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் வழியில் நின்று நின்று வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் கரி. என் சின்னம்மா, அப்பாவின் இரண்டாந்தாரம். அந்த முறை சொல்லி அவளை நான் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

யாரிடமும் எதுவும் கேட்காமல் கையைக் கழுவிவிட்டு வந்து என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என் இலையிலும் சோறு விழுந்தது. அப்பா வரவில்லையா என்று வெடுக்கென்று கேட்டேன். பங்காளிகள் என்ன சொல்வார்களோ என்று உட்கார்ந்திருக்கிறார் என்றாள். பிறகு என் இலையிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். வேதக்காரர் சோறு அவளுக்கு அதுதான் முதல் முறை. ரசம் வந்தபோது இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள்.

ஊர் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வாசலில் அப்பா மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றார். பின்னால் பங்காளிகள். அந்தத் தண்ணீரைத் தலையில் ஊற்றித் தீட்டுக் கழித்தால்தான் நான் படியேறலாமாம். வந்த வழியே திரும்பி ஓட எனக்குக் கால் பரபரத்தது. சின்னம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

“நானும் அதே எலைல தானுங்க உண்டேன். ஊத்தறதுன்னா மொதல்ல எனக்கு ஊத்துங்க.”

அத்தனை பேர் முன்னால் பெண்டாட்டி தலையில் ஊற்ற அப்பாவுக்குக் கை வரவில்லை. குடத்தை மாட்டுத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். பங்காளிகள் முணுமுணுத்தபடி கலைந்தார்கள்.

“ஊட்டுக்குள்ள வா சாமி” என்றாள் சின்னம்மா.

கையை விட்டுவிட்டுத்தான் கூப்பிட்டாள். அந்த வாசலிலிருந்து வெளியே ஓடிப் பழகிய கால்கள். உள்ளே எப்படிப் போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.