முதல் பஸ்ஸின் விசில்

இன்று காலையும் முதல் பஸ்ஸின் கண்டக்டர் விசில் ஊதினார். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

செங்கல் சூளையில் கொத்தடிமையாகக் கிடந்த எங்களை அதிகாரிகள் மீட்டுக் கொல்லிமலைக்குக் கொண்டுவந்து விட்டபோது எனக்கு ஏழு வயது. சூளையில் விசில் சத்தத்துக்குத்தான் எழ வேண்டும். அந்தப் பழக்கத்தில், இங்கே கண்டக்டர் ஊதினாலும் அப்பா துள்ளியெழுந்து மண்வெட்டியைத் தேடுவார். அம்மா அதற்குள் சாமைக்கஞ்சியை அடுப்பில் ஏற்றியிருப்பாள்.

பலா பழுத்து வீடெல்லாம் மணத்த ஒரு நாள், விசில் கேட்டும் அப்பா எழவில்லை. அம்மா பதறிப்போய் அவர் நெற்றியைத் தொட்டாள்.

"ஏனுங்க, உடம்புக்கு முடியலீங்களா?"

"நல்லாத்தான் இருக்கேன். அது பஸ் ஏறறவங்களுக்கு ஊதறது. நீயும் வந்து படு."

அம்மா தயங்கித் தயங்கி என் பக்கத்தில் வந்து படுத்தாள். கஞ்சி அடிப்பிடிக்கும் வாசம் வந்தது. மூன்று பேருமே எழுந்திருக்கவில்லை.