பேருந்தில் பொங்கிய குப்பிகள்

"பஃபர். குடிக்கக் கூடாது. ஆனி அமாவாசைக்கு மறுநாள் கலந்தது." எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலின் மேல் மகள் ஒட்டிய சீட்டு இது. நாளைக் குறித்து வைக்கும் பழக்கம் மட்டும் அவளுக்கு என்னிடமிருந்து போயிருக்கிறது.

"ஏண்டி, சாம்பார் பக்கத்துல வெச்சிக்கினு நோட்டீஸ் வேற ஒட்டுறியா? இந்த வூட்டுல யாரு படிச்சிப் பாத்துட்டுக் குடிக்கறாங்க?" என்றாள் என் மனைவி.

மகள் ஆராய்ச்சி மாணவி. முறிந்த எலும்பில் வைக்கும் ஸ்க்ரூ, எலும்பு கூடியபின் உடம்புக்குள்ளேயே கரைந்துவிட்டால் அதை எடுக்க மறுபடி அறுக்க வேண்டியதில்லை. மெக்னீசியம் அப்படிக் கரையும். ஆனால் எலும்பு கூடும் முன்பே கரைந்துவிடுகிறது. கொஞ்சம் துத்தநாகம் கலந்தால் நிதானப்படுமா என்பதுதான் அவள் கேள்வி. இரத்தத்தில் உள்ள உப்புகளைச் சேர்த்த நீரில் சிறு துண்டுகளை ஊறவைத்துப் பார்த்து வந்தாள்.

ஊறவைக்க இடம்தான் இல்லை. விழுப்புரத்தில் அவள் தோழி வேலை பார்க்கும் ஆய்வகத்தில், கரியமில வாயு செலுத்தும் பெட்டியில் ஒரு தட்டு கிடைத்தது. துத்தநாகம் கலந்த துண்டுகளை அங்கே வைத்தாள். வெறும் மெக்னீசியத்தைத் திண்டிவனத்தில் தன் வழிகாட்டியின் கல்லூரியில் வைத்தாள். அங்கே வாயு கிடையாது. வாயு இல்லாவிட்டால் நீரில் காரம் ஏறும். அதைத் தடுக்க ஹெப்பீஸ் என்ற பஃபரைச் சேர்த்தாள். முடிவு அழகாக வந்தது. திண்டிவனத்துத் துண்டுகள் மளமளவென்று கரைந்தன. விழுப்புரத்துத் துண்டுகள் அசையவில்லை. வழிகாட்டி வரைபடத்தை ஆய்விதழுக்குத் திங்கட்கிழமை அனுப்பச் சொல்லிவிட்டார்.

அதற்கு முந்தைய வெள்ளியன்று வாயு சிலிண்டர் தீர்ந்துபோனது. கலந்த துண்டுகளையும் திண்டிவனம் கொண்டுபோக வேண்டியதாயிற்று. திண்டிவனத்தில் வாயு இல்லை என்பதால் அங்கே வழக்கம்போல ஊற்றும் பஃபரை இவற்றிலும் ஊற்றி மூடினாள். பேருந்தில் குப்பிகள் அடுக்கிய தெர்மாகோல் பெட்டியை நான் மடியில் வைத்துக்கொண்டேன். ஆடி வெள்ளிக் கூட்டம். விக்கிரவாண்டி தாண்டியதும் பெட்டிக்குள் ஒரு மூடி பட்டென்று தெறித்தது.

"இன்னாங்க பெரியவரே, சோடா யாவாரமா?" என்றார் நடத்துநர். "என் மூஞ்சில அடிக்காம பாத்துக்கங்க."

மகள் சிரிக்கவில்லை. ஒரு குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். உலோகம் கரையும்போது கிளம்பும் வாயு, துண்டைச் சுற்றிக் குமிழி குமிழியாக எழும்பிக்கொண்டிருந்தது.

"இது கலந்த துண்டுப்பா. விழுப்புரத்துல பஃபர் இல்லாம இருந்தப்ப ஒரு நாளும் இப்பிடிப் பொங்கினதில்ல." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "கரையும்போது அதைச் சுத்தி காரம் வரும். அந்தக் காரத்துலதான் மேல வெள்ளையா ஒரு தோல் படிஞ்சி காப்பாத்தும். பஃபர் காரத்தை முழுங்கிக்கினே இருக்குது. தோல் எங்க படியும்? நான் ரெண்டு உலோகத்தை ஒப்பிடலப்பா. ரெண்டு தண்ணிய ஒப்பிட்டிருக்கேன்."

குப்பியைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

"சொல்லாம வுட்டா யாருக்குத் தெரியும்?" என்றாள். பிறகு அவளே, "கால் ஒடிஞ்சவனுக்குத் தெரியும்" என்றாள்.

கல்லூரியில் வழிகாட்டியின் அறைக்கு வெளியே பெட்டியோடு நின்றேன். உள்ளே அவர் குரல் உயர்ந்தது.

"ரெண்டு வருஷம் பண்ணிட்டு இப்ப தண்ணி மேல பழி போடுறியேம்மா!"

"ஒரே தண்ணியில ரெண்டையும் வெச்சிப் பாக்கணும் சார்."

"ஸ்காலர்ஷிப் மார்கழியோட நின்னுடும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "சரி, அனுப்பல. ஜல்தியா ஆரம்பி" என்றார்.

சிலிண்டர் வந்துவிட்டது. இப்போது இரண்டு வகைத் துண்டுகளும் விழுப்புரத்துப் பெட்டியில் ஒரே தட்டில், ஒரே நீரில், பஃபர் இல்லாமல் இருக்கின்றன. இடம் போதாமல் பாதித் துண்டுகளைத்தான் வைக்க முடிந்தது. மகள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருக்கிறாள். மார்கழி பிறந்துவிட்டது. துத்தநாகம் கலந்ததால்தான் அந்த உலோகம் மெதுவாகக் கரைந்ததா என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை.