சி செக்‌ஷனில் இன்று என்ன குழம்பு

போன வாரம் மத்தியானம் எங்கள் கே.கே. நகர் பள்ளியின் ஆசிரியர் அறையில், புதிதாகச் சேர்ந்த பெண் டிபன் பாக்ஸைத் திறந்தாள். நெத்திலிக் கருவாடு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, “சாரி மேடம்” என்று மூடியைப் பாதி சாத்தினாள். “தொறந்து வைம்மா, நல்லாத்தான் இருக்கு” என்றேன். அந்தத் தைரியத்திலோ என்னவோ, காலையில் தன் வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிய கதையைச் சொன்னாள். “உங்க கிளாஸ் மட்டும் எப்படி மேடம் சத்தமே இல்லாம இருக்கு?” என்று கேட்டாள்.

ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என் மூக்கு அதற்குள் சாந்தோமுக்குப் போய்விட்டிருந்தது.

சாந்தோம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளி. எனக்கு முதல் வேலை. ஆதம்பாக்கத்திலிருந்து பஸ் பிடித்து, கஞ்சி போட்ட காட்டன் புடவை கசங்காமல் போய் இறங்குவேன். எட்டாம் வகுப்பு சி செக்‌ஷனைக் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் ஆற்றோரக் குடிசைப் பிள்ளைகள். சீருடையில் விறகுப் புகையும் கருவாடும் கலந்து ஒரு வாசனை வரும். என்னைப் பார்த்து ஒருத்தியும் பயப்படவில்லை. ஸ்கேலால் மேஜையைத் தட்டினேன், ஸ்கேல்தான் உடைந்தது. பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தினேன்; ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்க அதுதான் வசதி என்று மற்றவர்களும் ஏறிக்கொண்டார்கள். பி.எட்.டில் படித்ததெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்.

அந்தக் கூட்டத்துக்குத் தலைவி செல்வி. பேசினால் மீன் மார்க்கெட் வரை கேட்கும். ஒரு நாள் வருகைப்பதிவு எடுக்கும்போது அவள் பெயரைக் கூப்பிட்டேன். “உள்ளேன் டீச்சர்” என்பதற்குப் பதிலாக, “டீயும் பொறையும் டீச்சர்” என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என்ன செய்வது, அன்று காலை எனக்கும் டீயும் பொறையும்தான். “எனக்கும் அதேதான்டி” என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த பெயருக்கு, “பழைய சோறு, நெத்திலிக் கருவாடு”. அதற்கடுத்தவள், “வஞ்சிரம் கொழம்பு” என்றாள். “பொய் டீச்சர்! அவங்க வூட்ல காரப்பொடி மீனுதான்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அடுத்தவள் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிய வேண்டுமானால் தன் வாயை மூடித்தானே ஆக வேண்டும்! கடைசியில் என் பெயரையும் அவர்களே கூப்பிடுவார்கள். உப்புமா என்றால் எனக்காக உச்சுக் கொட்டுவார்கள். அந்த நெருக்கம் கணக்குப் பாடத்துக்குள்ளும் வந்தது.

ஒன்று மட்டும் எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. சிலர் சில நாள் வெறுமே “உள்ளேன் டீச்சர்” என்பார்கள். அன்று அவர்கள் ஒன்றும் சாப்பிடவில்லை. யாரும் சிரிக்க மாட்டார்கள். இடைவேளையில் யாராவது ஒருத்தி பன்னைப் பிய்த்து அவள் கையில் வைப்பாள். செல்வி மட்டும் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வெறும் வயிற்றோடு வந்தாலும் பிரியாணி என்று அளந்துவிடுவாள்.

அந்த வருஷத்தின் நடுவில் ஆற்றோரக் குடிசைகளை எடுத்தார்கள். சனங்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் கொண்டுபோய் விட்டார்கள். டி.சி. வாங்கும்வரை யார் பெயரையும் அடிக்கக் கூடாது என்றார் தலைமையாசிரியை. ஆகவே தினமும் கூப்பிட்டேன். ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். மீதிப் பிள்ளைகள் குனிந்து பெஞ்சைப் பார்ப்பார்கள்.

செல்வி மட்டும் பஸ் மாறி மாறி வந்தாள். வந்து சேரும்போது கணக்குப் பாடம் பாதி நடந்திருக்கும். வாசலில் நின்று, “என் பேரு கூப்ட்டாச்சா டீச்சர்?” என்பாள். அவள் ஒருத்திக்காக மறுபடி கூப்பிடுவேன். “அங்க எப்டிடி கீது?” என்று தோழிகள் கேட்டால், “லிப்ட்டு கீதுடி, ஆனா ஓடாது” என்பாள். எப்படியாவது இந்த வருஷத்தை முடித்துவிடு என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். “அம்மா இங்கதான் வூட்டு வேலைக்கு வந்துக்கினு கீது டீச்சர். அது வர்ற வரிக்கும் நானும் வருவேன்” என்றாள்.

ஒரு நாள் வழக்கம்போல் வாசலில் நின்றாள். கூப்பிட்டேன்.

“உள்ளேன் டீச்சர்.”

முதல் பெஞ்சுப் பெண் எழுந்துபோய், தன் டிபன் பாக்ஸை அப்படியே செல்வி கையில் கொடுத்தாள்.

அதன்பிறகு செல்வி வரவில்லை. அம்மாவுக்கு வேலை போய்விட்டதாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடியிருப்புக்கே போய்த் தேடினேன். எல்லாம் ஒரே மாதிரிக் கட்டடங்கள். “எந்த செல்வி? எந்த பிளாக்கு?” என்று திருப்பிக் கேட்டார்கள். அடுத்த வாரம் தலைமையாசிரியை வகுப்பை எட்டிப் பார்த்து, “பரவாயில்லையே, நல்லா கன்ட்ரோல் பண்ணிட்டீங்க” என்றார். காலிப் பெஞ்சுகளைப் பார்த்தபடி வருகைப்பதிவேட்டை மூடினேன்.

அந்தப் பள்ளியையும் பிள்ளைகள் போதவில்லை என்று மூடிவிட்டார்கள். குடிசைகள் இருந்த இடத்தில் இப்போது கம்பிவேலியும் செடிகளும். எங்கள் கே.கே. நகர் பள்ளியில் வருகைப்பதிவு செல்போனில்தான். வந்திருந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. விரலால் தொட்டால் போதும். ஆனாலும் பாடம் நடத்தும்போது வாசலில் நிழல் விழுந்தால் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. பேர் கூப்பிட்டாச்சா என்று அவள் கேட்டால் நான் என்ன சொல்வேன்? இங்கே யார் பெயரையும் கூப்பிடுவதில்லை, செல்வி.