சிவப்பு வெள்ளை வயர்

சுவிஸிலிருந்து கணவரின் அண்ணன் அனுப்பிய ஸ்பீக்கர் பெட்டிகள் வவுனியாவில் எங்கள் வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, எல்லோரும் அவற்றைச் சுற்றி நின்று சந்தோசப்பட்டார்கள். நான் மட்டும் பின்பக்கத் துவாரங்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

பெட்டிகளோடு ஒரு சீடி பிளேயரும் வந்திருந்தது. ஸ்பீக்கருக்குள்ளேயே அம்பிளிபையர் இருந்ததால் வேறொன்றும் தேவையில்லை. தொடுப்பதற்கு இரண்டு வழிகள். ஒன்று, எல்லோருக்கும் பழக்கமான சிவப்பும் வெள்ளையுமான அனலொக் துவாரங்கள். மற்றது, சின்னக் கதவு வைத்த சதுரமான டிஜிட்டல் துவாரம். அதற்குரிய வயரின் நுனியில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. பாட்டு வெளிச்சமாகப் போய் அந்தப் பக்கம் சத்தமாக மாறும் என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னதை இவர் தன் அம்மாவுக்கு, என் மாமிக்கு, விளக்கினார். மாமி நுனியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, சுடவில்லையே என்றார்.

இவர் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார்.

"சீடியை டிஜிட்டலில கொழுவுவம். அப்ப சிவப்பு வெள்ளை சும்மாதானே கிடக்கும். அதில கசட் ரெக்கோடரைக் கொழுவினா உம்மட அம்மான்ர கசட்டையும் பெரிசாக் கேக்கலாம்."

அதற்கென்று கடையில் தனியாக ஒரு வயர்கூட வாங்கி வந்திருந்தார்.

என் அம்மாவும் அப்பாவும் கிளிநொச்சிப் பக்கம் இருந்தார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியேறி, கச்சான் கடலை போட்டுப் பிழைத்தவர்கள். இவருடைய குடும்பம் யாழ்ப்பாணம். இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்திருந்த நாட்களில்தான் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது. கல்யாணம் முடித்து வவுனியாவுக்கு வந்த பிறகு, சண்டையில் மூடித் திறக்கும் பாதைக்கும் பயண அனுமதிப் பாசுக்கும் நடுவே அம்மாவைப் பார்ப்பது நினைத்தபடி நடக்கவில்லை. அவளுக்கு எழுதத் தெரியாது. ஆகவே கசட்டில் பேசி, எங்கள் ஊரிலிருந்து மருந்துக்கு வந்துபோகும் ஓர் அக்காவிடம் கொடுத்து அனுப்புவாள். கசட் ஒன்றுதான். அவள் பேசியதன் மேல் நான் பேசி அனுப்புவது, நான் பேசியதன் மேல் அவள் பேசுவது என்று ஏற்பாடு. அங்கே மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. அப்பா சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ஓடும் ரெக்கோடரின் முன்னால் குந்தியிருந்து பேசுவாள். அப்பாவின் கை களைத்தால் இயந்திரம் மெதுவாகும். இங்கே சரியான வேகத்தில் போட்டுக் கேட்கும்போது அந்த இடங்களில் அவள் குரல் கீச்சென்று ஏறும்.

முதல் முறை கசட் வந்தபோது ஹோலில் எல்லோரும் இருக்கத்தான் போட்டோம். "ஏய் புள்ள, எப்புடி இருக்க, சோறு தண்ணி ஒழுங்கா திங்கிறியா" என்று அவள் தொடங்கியதும், இவருடைய தங்கை, என் மச்சாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அதே இழுவையில் சொல்லிக் காட்டினாள். மாமி சிரிக்கவில்லை. இவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கூடச் சிரித்தேன். நான் அவர்களுடைய ஆள், அந்தக் குரலுடைய ஆளில்லை என்று காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. கசட்டைக் கொண்டுவந்த அக்கா தேத்தண்ணிக் கோப்பையோடு கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த முறை கசட் திரும்பி வந்தபோது அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஒருநாள் சமைக்கும்போது குசினிக்குள் ரெக்கோடரைக் கொண்டுபோய் மெல்லிய சத்தத்தில் போட்டேன். டைனமோவின் உறுமல் தொடங்குவதற்குள் மாமியின் செருப்புச் சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு தொடவில்லை. கேட்டாயா என்று இவர் விசாரித்தபோது ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் குரல் இந்த இரண்டு பெட்டிகளுக்குள்ளிருந்தும் தெருவுக்கே கேட்கும்படி வரப்போகிறது என்ற நினைப்பில்தான் நான் வாயைத் திறந்தேன். சீடியை அனலொக்கிலேயே தொடுப்போம், அதுதான் காதுக்கு இதமாக இருக்கும் என்றேன். சிவப்பு வெள்ளையை சீடி பிடித்துக்கொண்டால் கசட்டுக்கு இடமில்லை, அவ்வளவுதான் என் சங்கீத ஞானம். இவர் நம்பாமல் இரண்டு வயரையும் செருகி, பின்னாலிருந்த சுவிச்சை அங்கும் இங்கும் மாற்றிக் காட்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு, இது கூர், இது மெது என்று தீர்ப்புச் சொன்னேன். உண்மையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று மாமி சரியாகச் சொன்னார். இவரோ, என் மனைவிக்கு நல்ல காது என்று சந்திப்பவர்களிடமெல்லாம் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம்போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சாள் குடும்பத்தோடு சாப்பாட்டுக்கு வந்தாள். பாட்டுப் போட்டதும் பெட்டிகளிலிருந்து ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். கறண்டில் ஏதோ கோளாறு, அது அனலொக் வயர் வழியே ஏறிவருகிறது என்றார் இவர். சிவப்பு வெள்ளையைக் கழற்றிவிட்டு வெளிச்ச வயரைச் செருகினார். இரைச்சல் அப்படியே நின்றது. நல்ல காது என்று யாரும் இப்போது சொல்லவில்லை.

"இப்ப மற்றது சும்மாதானே கிடக்கு. சம்பந்தி அம்மான்ர கசட்டைக் கொண்டு வா பிள்ளை," என்றார் மாமி.

தொலைந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அலுமாரியில் சேலைக்கடியில் இருக்கிறது என்று மாமியே சொன்னார். எடுத்து வந்தேன். இவர் ரெக்கோடரில் புதுப் பற்றரி போட்டு, வாங்கி வைத்திருந்த வயரைச் செருகினார்.

டைனமோ உறுமியது. பிறகு அம்மா.

"மகள், நாங்கள் எல்லாரும் சுகமாய் இருக்கிறம். நீங்களும் சுகமாய் இருப்பியள் எண்டு நம்புறன். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு உங்களுக்காண்டி நேந்திருக்கிறன்."

பாடம் ஒப்புவிக்கிற பிள்ளையைப்போல ஒவ்வொரு சொல்லாக வைத்து வைத்துப் பேசினாள். பிறந்ததிலிருந்து என்னை ஒருநாளும் நீங்கள் என்று அழைக்காதவள். கசட் கொண்டுவந்த அக்கா இங்கே சிரித்ததைப் போய்ச் சொல்லியிருக்கிறார். யாரிடமோ கேட்டு யாழ்ப்பாணப் பேச்சைப் பழகியிருக்கிறாள். மச்சாள் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சுகம் விசாரித்து முடித்து, போட்டுவாறன் என்று இவர்களைப்போலவே விடையும் பெற்றாள். பேச்சு முடிந்தது, டைனமோ மட்டும் ஓடியது. நிறுத்தியாகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

"நல்லா பேசுனேனாங்க?" என்று அப்பாவைக் கேட்டாள். "அவுங்க சிரிக்க மாட்டாங்கல்ல? பாவம், புள்ளைக்கு வெக்கமா இருக்கும்."

அப்பா சுற்றுவதை நிறுத்தியிருப்பார். கடைசிச் சொல் கீச்சென்று மேலேறி அறுந்தது. முதல் முறை இப்படிக் கீச்சிட்ட இடங்களில் சிரிப்பு எழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. என்னால் ஒருவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

மாமிதான், அந்த முதல் பேச்சைப் போடு, அவ தன்ர பாசையில கதைச்சது, என்றார். அது இல்லை என்றேன். அதன் மேல் நான்தான் பேசி அனுப்பினேன் என்றேன்.

"அப்ப இந்தக் கசட்டுக்கு மேல கதைக்காதை," என்றார் மாமி.

மறுநாள் பஜாரில் புதுக் கசட் வாங்கிவந்தேன். ஹோலில், மாமி இருக்கும்போதே, ரெக்கோடரின் முன்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். அம்மா என்றேன். அந்தச் சொல் எங்கள் பேச்சிலும் அவர்கள் பேச்சிலும் ஒன்றுதான். அதற்கு அடுத்த சொல்தான் வரவில்லை.