மாஸ்டரின் கைக்குட்டை

சொந்தக்காரர்கள் என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே அளவு குறைகிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவள் நான். ஜாக்கெட் தைக்க யாராவது துணி கொண்டுவந்தால், சாயம் போகுமா என்று ஒரு ஓரத்தை நனைத்துப் பார்த்த பிறகுதான் வாங்கி வைப்பேன். அப்படிப்பட்டவள் கட்டிய புருஷன் வாயை மட்டும் நம்பிவிடுவேனா?

என் வீட்டுக்காரர் பிரியாணி மாஸ்டர். ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் எங்கள் ஆட்கள் வீட்டில் கல்யாணம் என்றால், அவரிடம் தேதி கேட்டுக்கொண்டுதான் மண்டபமே பார்ப்பார்கள். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அடுப்புப் பக்கம் நிற்கும் நேரமெல்லாம் அவர் கன்னத்தில் புகையிலை இருக்கும். ஐம்பதைத் தாண்டியதும் மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாக ஆட ஆரம்பித்தன. கறித்துண்டைக் கடிக்க முடியாமல் பிரியாணி மாஸ்டர் ரசஞ்சோறு சாப்பிட்டார்.

தாம்பரத்தில் ஒரு மாடியில் இருந்த பல் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். மேல்வரிசை முழுக்க எடுத்துவிட்டுப் பல்செட் வைக்க வேண்டும் என்றார். எனக்கு அவர் மேலும் சந்தேகம். ஆடாத பல்லையும் சேர்த்துப் பிடுங்கப் பார்க்கிறாரோ என்று, "எல்லாத்தையுமா டாக்டர்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். டாக்டரம்மா வீட்டுக்காரரின் கன்னத்தை விரலால் விலக்கி உள்ளே லைட் அடித்துக் காட்டினார். வெள்ளையாக ஒரு திட்டு.

"இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகலம்மா. ஆனா இனிமே புகையிலை உள்ள போச்சுன்னா இது கேன்சர்ல போய் நிக்கலாம். பல்லு போனா நான் வெச்சுத் தருவேன். ஆள் போனா?"

அன்று படி இறங்கும்போதே வீட்டுக்காரரிடம் சத்தியம் கேட்டேன். அவர் என் தலையில் கை வைத்து, இனிமேல் தொடமாட்டேன் என்றார். நான் நம்பவில்லை. எத்தனை ரம்ஜான் நோன்புக்கு எத்தனை சத்தியம் பார்த்தவள் நான்.

பல்செட் வந்தது. மனுஷன் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். சிரித்தால் பத்து வயது குறைந்தது. ஆனால் கொஞ்ச நாளிலேயே எனக்கு மூக்கில் வியர்த்தது. வேலைக்குக் கிளம்பும்போது ஒரு கைக்குட்டைக்கு இரண்டாக எடுத்துப் போனார். திரும்பி வந்தால் வாயில் கிராம்பு வாசனை. ஈறு வலிக்கு என்றார். எந்த வாசனையை மறைக்கக் கிராம்பு என்று எனக்குத் தெரியாதா? சட்டைப் பையைத் துழாவினேன். வேட்டி மடிப்பை உதறினேன். ஸ்கூட்டர் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தேன். ஒன்றும் சிக்கவில்லை. சிக்காததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவரோடு வேலை பார்த்தவன் என் தம்பி. அப்போதுதான் செல்போன் வாங்கியிருந்தான். அவனையே வேவு பார்க்க வைத்தேன். ஒரு நாள் பக்கத்து வீட்டு நம்பருக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னான்.

"அக்கா, நீ சொன்னது கரீட்டு. உப்பு பாக்கற நேரம் வந்தா மச்சான் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறாரு. கைக்குட்டைய வாயில வெக்கிறாரு. அப்பால இன்னா கேட்டாலும் வாயே தொறக்க மாட்டேன்றாரு. எல்லாம் கை ஜாடைதான்."

போனை வைத்தேன். புகையிலை ஒதுக்கியவன்தான் வாயைத் திறக்காமல் கையாட்டுவான். இருபது வருஷமாக வீட்டில் நான் பார்க்காததா?

உப்பு பார்ப்பது என்றால் சும்மா இல்லை. கறி வெந்து மசாலா கூடி வரும்போது மாஸ்டர் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். அவர் சொன்ன பிறகுதான் அரிசி விழும். மாஸ்டர் பார்த்துவிட்டால் வேறு யாரும் கரண்டி வைக்கக் கூடாது. மூடி போட்டு, மேலே நெருப்பை அள்ளித் தம் போட்டுவிட்டால் அப்புறம் அல்லாவிடம் துவா கேட்கலாம், உப்புப் போட முடியாது. அந்த நேரத்தில்தான் இவர் திருட்டுத்தனம் செய்கிறார் என்றால், அந்த நேரத்தில்தான் பிடிக்க வேண்டும்.

ஊரப்பாக்கத்தில் ஒரு கல்யாண வீடு. பெண் வீட்டாருக்கு நான்தான் ஜாக்கெட் தைத்திருந்தேன். அதைக் கொடுக்கிற சாக்கில் ரயிலேறிப் போனேன். வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஆண்கள் சமைக்கிற இடத்துக்குப் பெண்கள் போவது வழக்கமில்லை. நான் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன். புகையில் கண் எரிந்தது. கண்ணை எடுக்கவில்லை.

கறி கொதித்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு கரண்டியில் மசாலாவை மொண்டுகொண்டு தார்ப்பாய் மறைப்புக்குப் பின்னால் போனார். சுற்றிப் பார்த்தார். கை பைக்குள் போனது. கைக்குட்டை வாய்க்குப் போனது. நான் ஒரே பாய்ச்சலில் போய் அந்தக் கையைப் பிடித்துவிட்டேன்.

"தொறங்க வாய!"

உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். கைக்குட்டையைப் பிடுங்கினேன். ஈரமாக, கெட்டியாக இருந்தது. பிரித்தேன். ரோஸ் நிற ஈறும் வெள்ளைப் பற்களுமாகப் பல்செட் என்னைப் பார்த்துச் சிரித்தது.

அவர் வாயைத் திறந்தார். மேலே வெறும் ஈறு. புகையிலையும் இல்லை, பாக்கும் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அது வந்ததும் ஆத்திரமும் பின்னாலேயே வந்தது.

"இதுக்காங்க இத்தனை நாளா என்னை வறுத்து எடுத்தீங்க?"

"மெதுவா பேசு." பல் இல்லாத வாயில் சொல் காற்றாக வந்தது. "இந்தத் தட்டு மேலண்ணத்த மூடிக்கினு கீது. மாட்டிக்கினா உப்பும் தெரில, புளிப்பும் தெரில. கழட்டினாதான் நாக்கு சொல்லுது."

"அதச் சொல்ல வேண்டியதுதானே?"

"யார்கிட்ட சொல்றது? உன் தம்பி வேவு பாக்கறது எனக்குத் தெரியாதா? பாக்கட்டும்னுதான் கன்னத்த உப்பிக் காட்டினேன். கிராம்பும் அதுக்குத்தான். புகையிலை போட்ற மாஸ்டர்னா திட்டிட்டு ஆர்டர் குடுப்பானுங்க. ருசி தெரியாத மாஸ்டர்னா எவன் கூப்புடுவான்?"

எனக்கு அழுகை வந்தது. கேன்சர் பயத்தில் நான் தூங்காமல் கிடந்ததெல்லாம் இந்த மனுஷனுக்குத் தன் பேரைவிடச் சின்னதாகப் போய்விட்டதே என்று கோபம். அதே நேரம், அந்தப் பேரைத் தவிர அவரிடம் வேறு என்ன இருக்கிறது என்றும் தோன்றியது.

அவர் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினார். கண்ணை மூடினார். ஒரு பிடி கல்லுப்பு என்று விரலை மடக்கிக் காட்டினார். அதற்குள் தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் தம்பியின் குரல்.

"இன்னா மச்சான், உப்பு பாத்தாச்சா? அரிசி போட்லாமா?"

பேசிக்கொண்டே உள்ளே வந்துவிட்டான். அவன் பின்னால் கூட வேலை செய்கிறவர்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் சட்டென்று எழுந்து, பல்செட்டை அவர் கையில் திணித்துவிட்டு, முந்தானையை இழுத்து விரித்துக்கொண்டு அவரை மறைத்து நின்றேன்.

"அக்கா, நீ எப்போ வந்த? கையுங் களவுமா புட்ச்சிட்டியா?"

"புடிச்சிட்டேன்டா. புகையிலைதான். செத்தாலும் திருந்தாத ஜென்மம்!"

என் முதுகுக்குப் பின்னால் பல்செட் இடத்தில் உட்காரும் சத்தம் 'டொக்' என்று கேட்டது. தம்பிக்கும் கேட்டுவிடப் போகிறதே என்று இன்னும் சத்தமாகத் திட்டினேன்.