வழக்கம்போல் கட்டிய வீடு

ஆய்வுக்கூடத்திலிருந்து ஆள் தேடி வந்து கூப்பிட்ட நாளிலிருந்து மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பத்தேழு வீடு கட்டிய கை. கடைசியாகக் கட்டியது மகளுக்கு. "இத்தனை கொத்தனார் இருக்க, என்னை ஏன் கூப்பிட்டாங்க?" என்று எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் கேட்டார். பதிலையும் அவரே சொல்லிக்கொண்டார்.

வேலை இதுதான். நிலநடுக்கம் போல ஆட்டிக் காட்டும் பெரிய இரும்பு மேடை. அதன்மேல் இரண்டு சின்ன வீடுகள். ஒன்றை ஆய்வுக்கூடத்து ஆட்கள் கட்டி, மூலைகளில் கம்பிவலை சுற்றி மேலே பூசுவார்கள். ஏழைபாழைக்கும் கட்டுப்படியாகிற முறையாம். இன்னொன்றை மேஸ்திரி வலையில்லாமல், வழக்கம்போல் கட்ட வேண்டும். பிறகு இரண்டையும் ஆட்டுவார்கள்.

மனுஷன் அதைப் போட்டி என்று நினைத்துவிட்டார். சும்மா விடுவாரா? செங்கல்லை நன்றாக ஊறவைத்தார். சிமென்ட்டைத் தாராளமாகப் போட்டார். மூலைக்கு மூலை கல்லைப் பின்னிக் கட்டி, ஏழு நாள் தண்ணீர் விட்டார். சொந்த மகள் வீட்டுக்கு விட்டதே இரண்டு நாள்தான்!

மேடை ஆடியது. இரண்டு வீடும் அப்படியே நின்றன. பாராட்டு வாங்கத் திரும்பினால், ஆய்வுக்கூடத்துப் பொறியாளரம்மா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன மேஸ்திரி, காரியத்தைக் கெடுத்துட்டீங்களே! உங்க வீடு விழுந்தாத்தானே வலையோட பலன் தெரியும்?"

"விழறதுக்கா என்னைக் கூப்பிட்டீங்க?"

"நீங்க கட்டின பத்து வீட்டைப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டோம். இங்க முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கட்டுறாங்க. தயவுசெஞ்சு எப்பவும்போலக் கட்டுங்க."

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என்ன செய்வது, ஒப்புக்கொண்டாயிற்றே. இரண்டு வீட்டையும் இடித்துவிட்டு மறுபடி கட்டினார்கள். இந்தத் தடவை மேஸ்திரி காய்ந்த செங்கல்லை எடுத்தார். காலையில் குழைத்து இறுகிப்போன கலவையில் மத்தியானம் இன்னொரு வாளி தண்ணீரை ஊற்றினார். மூலைகளில் அவசரம். அவருக்கு அது மிகவும் பழகிய வேலையாக இருந்தது.

பதினோரு விநாடி. வலை போட்ட வீடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. மேஸ்திரியின் வீடு மூலையில் பிளந்து, சுவர் சரிந்து, கூரை தரையில் உட்கார்ந்துவிட்டது. பொறியாளரம்மா ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்பதான் சரியாக் கட்டியிருக்கீங்க!"

மேஸ்திரி குனிந்து கூரைக்கடியில் பார்த்தார். ஒரு தொட்டில் நிற்கக்கூட அங்கே இடமில்லை.

மறுநாள் காலையில் கம்பிவலைச் சுருளும் உளியுமாக மகள் வீட்டு வாசலில் நின்றார். கைக்குழந்தையோடு கதவைத் திறந்த மகள் திகைத்துப்போனாள்.

"என்னப்பா இதெல்லாம்?"

"மூலைக்கெல்லாம் வலை கட்டணும். சாமானை எடுத்து வெளிய வை. குழந்தையை இன்னைக்கே நம்ம வீட்டுக்கு..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திக்கொண்டார். தன் வீட்டைக் கட்டியதும் அவர்தான்.

மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, இது நீங்க கட்டின வீடு. இதுக்குப் போய் யாராவது பயப்படுவாங்களா?"

"நான் கட்டினதும்மா," என்றார். "அதான்."