தேதியோடு போன திருத்தம்

என் சகலையைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு நல்லவிதமாக எழுத வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவர் மேல் எனக்குப் பொறாமை. வயிறு எரிகிற அளவுக்கு.

கணினித் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளை நாங்கள் இருவரும் மாடி அறையில் ஒரே மேசையில் உட்கார்ந்துதான் எழுதினோம். உரிமம் எழுதும்போது முட்டிக்கொண்டது. யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றட்டும், ஆனால் மாற்றியதை வெளியே கொடுத்தால் அதையும் இதேபோலத் திறந்து தர வேண்டும் என்றேன் நான். இல்லாவிட்டால் எங்கள் உழைப்பை எவனாவது பூட்டிவைத்து விற்பான்.

“பூட்டினா பூட்டிட்டுப் போறான் சகலை. நாலு பேர் கை வச்சாத்தானே இது நல்லா வரும்?” என்றார்.

ஆளுக்கொரு பிரதியோடு பிரிந்தோம். மாமனார் அவருக்குத் தாராளம் என்றும் எனக்கு நிபந்தனை என்றும் பெயர் வைத்தார்.

தாராளத்துக்கு எங்கிருந்தெல்லாமோ இருநூறு பேர் திருத்தம் அனுப்புகிறார்கள். ஒரு கம்பெனி சம்பளம் கொடுத்து அதே வேலையைச் செய்யச் சொல்கிறது. என்னுடையதில் மூன்று பேர், அதில் இரண்டு பேர் வேறு வேறு பெயரில் நான்தான். பல் துலக்கும் முன்பே அவருடைய பக்கத்தைத் திறந்து எத்தனை பேர் கூடியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். மனுஷன் கெட்டவராகவாவது இருந்து தொலைக்கலாம். அரைகுறையாக எழுதி அனுப்புகிறவனுக்கும் பொறுமையாகப் பதில் எழுதுவார்.

எனக்கு ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. எண்ணை ஒட்டி மில்லி, கிராம் என்று வந்தால் அவருடைய மென்பொருள் அந்த எண்ணின் நடுவில் உள்ள தசமப் புள்ளியை விழுங்கிவிடும். என் பிரதியில் அதை இரண்டு வருடம் முன்பே சரிசெய்துவிட்டேன். என்னுடையதை எடுத்தால் என் நிபந்தனைக்குள் வர வேண்டும் என்பதால் அவர் என் பக்கத்தை எட்டியே பார்க்க மாட்டார். கிடக்கட்டும் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தேன்.

போன வாரம் மாமனார் வீட்டுக்குப் போனேன். கண் மங்கியதிலிருந்து அவர் கேட்பது தாராளத்தின் மென்பொருளைத்தான். அது வேறு எனக்கு எரிச்சல். டாக்டர் அனுப்பிய மின்னஞ்சலை அது வாசித்தது: “இருபத்தைந்து மில்லி.” மாமனார் மருந்தை டம்ளரில் ஊற்றி உதட்டருகே கொண்டுபோய்விட்டார். திரையில் 2.5 என்று இருந்தது. பாய்ந்து தட்டிவிட்டேன். அவர் சட்டையெல்லாம் மருந்து.

“என்ன மாப்பிள்ளை இது?”

“ரெண்டரைதான் மாமா.”

அங்கேயே உட்கார்ந்து, நடந்ததை ஒரு வரி எழுதி, எந்த நிபந்தனையும் இல்லாமல் திருத்தத்தைச் சகலைக்கு அனுப்பினேன். அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். திருத்தத்தோடு அதை எழுதிய தேதியும் போகும்.

கால் மணி நேரத்தில் போன் வந்தது.

“சகலை, இதுல ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி இருக்கு.”

“என் பக்கத்துல எல்லாரும் பார்க்கிற மாதிரி திறந்துதானே கிடந்துச்சு?”

“நான் பார்க்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியும்ல? தப்பு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அதுக்கு எந்த உரிமம் வேணும்?”

மாமா நல்லா இருக்காரா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மாலையில் அவருடைய பக்கத்தைப் பார்த்தேன். என் திருத்தம் சேர்ந்திருந்தது. என் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தார். தேதியைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் ஊருக்கே சொல்லியிருப்பேன். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.